மூட்டையை எண்ணுகிறீர்கள், பயிருக்குள்ளும் பாருங்கள்: ராமநாதபுரம் மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் விற்பனை, கால்நடை பராமரிப்புத் துறைகளின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கடலாடி, சாயல்குடி பக்கம் மானாவாரியில் நெல், மிளகாய், சோளம் என்று வானத்தைப் பார்த்து விதைக்கிற குடும்பம் எங்களுடையது, கூடவே ஆடும் உண்டு. நான் கேட்க வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறட்சி வந்தால் எத்தனை ஏக்கர் கருகியது, எத்தனை மூட்டை குறைந்தது என்று கணக்கு எடுக்கிறீர்கள். கருகாமல் தப்பி நிற்கிற பயிருக்குள் என்ன மாறியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதைப் பார்க்காததால் எங்கள் பக்கம் ஆடு மாடு சாகிறது, வத்தலுக்கு வரவேண்டிய விலை வராமல் போகிறது, நஞ்சேறிய கடலை எது என்று தெரியாமலே சாப்பாட்டுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது.

கணக்கு எடுப்பதைக் குறை சொல்லவில்லை. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தபோது, வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து கணக்கு எடுத்த அலுவலர்களை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் நிவாரணமும் இல்லை, காப்பீடும் இல்லை. ஆனால் பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது ஒரு சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போட்டு எழுதிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. எடைதான் அதில் எல்லாம். வருடத்துக்குச் சுமார் 827 மில்லிமீட்டர் மழை என்று ஏட்டில் இருக்கிற மாவட்டம் இது, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அதனால் மழைக்கும் மழைக்கும் நடுவில் இருபது நாள், முப்பது நாள் காய்ச்சல் எங்கள் பயிருக்குப் பழக்கமான விஷயம். அந்தக் காய்ச்சலில் செடி சும்மா வாடிக்கொண்டு நிற்பதில்லை, உள்ளே பெரிய வேலை நடக்கிறது.

மண் காயத் தொடங்கியதும் வேருக்குத்தான் முதலில் தெரியும். அப்சிசிக் அமிலம் என்ற ஒன்றைச் செடி தயாரிக்கிறது, அது இலைக்குப் போய்ச் சேர்ந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போவது குறைகிறது, அது சரி. ஆனால் கரியமில வாயுவும் அதே துளை வழியாகத்தான் உள்ளே வரவேண்டும், அதுவும் நின்றுபோகிறது. வெயில் மட்டும் நிற்பதில்லை. இலை வாங்கிக்கொண்ட வெளிச்சத்துக்குச் செலவழிய வழி இல்லாமல் அந்த ஆற்றல் ஆக்சிஜன் மேல் ஏறி, ஹைட்ரஜன் பெராக்சைடு, சூப்பர் ஆக்சைடு போன்ற, செல்லையே அரிக்கிற பொருட்களாக மாறுகிறது. அதைத் தணிக்கச் செடி வைட்டமின் சி, குளுட்டதையோன், கரோட்டினாய்டுகள், பீனால் வகைப் பொருட்கள் என்று தயாரிக்கிறது. உள்ளே இருக்கிற கொஞ்சம் தண்ணீரையும் விடாமல் பிடித்து வைக்கப் புரோலினையும் சர்க்கரைகளையும் சேர்த்துவைக்கிறது. சோளம் இதற்காகக் கிளைசின் பீட்டைன் என்ற பொருளையும் சேர்த்துக்கொள்ளும், நெல்லுக்கு அந்தத் திறமை இல்லை. ஒரே காய்ச்சலில் பக்கத்து வயல் சோளம் நிற்பதற்கும் நெல் சாவியாவதற்கும் இப்படி உள்ளுக்குள்ளேயும் காரணங்கள் இருக்கின்றன.

கடற்கரைப் பக்கம் இன்னொரு சுமையும் கூடச் சேர்கிறது. திருப்புல்லாணி, மண்டபம், தொண்டி என்று கரையை ஒட்டிய ஊர்களில் மழை குறைந்த வருடம் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிடும். மண்ணில் ஈரம் இருந்தாலும் உப்பு கூடினால் வேரால் அதை இழுக்க முடியாது, செடியைப் பொறுத்தவரை அதுவும் வறட்சிதான், மேற்கொண்டு சோடியமும் குளோரைடும் இலையில் சேர்ந்து தனியாகத் தொல்லை கொடுக்கும். ஆக, உள்நாட்டு மானாவாரி நிலத்தில் எடுத்த ஆய்வு முடிவை அப்படியே எங்கள் கரைக்குப் பொருத்த முடியாது, இங்கேயே அளந்து பார்த்தால்தான் உண்டு.

செடி செய்கிற இந்த வேலையெல்லாம் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. அதைத் தின்கிற ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனுசனுக்கும் அது நல்லதாக அமையுமா கெட்டதாக அமையுமா என்பது பயிருக்குப் பயிர் வேறு. ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், முதலில் சோளம், ஏனென்றால் அதில்தான் உயிர் போகிறது.

சோளத்தின் இலையிலும் தண்டிலும் டுரின் என்ற பொருள் எப்போதும் இருக்கும். அது தனியாக இருக்கும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. அதை உடைக்கிற நொதி செடியிலேயே வேறு இடத்தில் இருக்கிறது. ஆடு கடித்து மென்றதும் இரண்டும் ஒன்றாகக் கலக்க, ஹைட்ரஜன் சயனைடு வெளியே வருகிறது. அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். சயனைடு ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்திக்கொள்ள விடாமல் தடுத்துவிடும். மூச்சு வாங்கும், நுரை தள்ளும், கால் தள்ளாடும், விழுந்து இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் கூடுதலாகத் தின்றிருந்தால் மருத்துவருக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இளம் பயிரில் டுரின் அதிகம், வளர வளரக் குறையும். நாற்பத்தைந்து ஐம்பது நாள் தாண்டி, பூ எடுத்த பிறகு வெட்டிப்போட்டால் பயமில்லை என்று ஊரில் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. இங்கேதான் வறட்சி குறுக்கே வருகிறது. காய்ச்சலில் நின்ற சோளம் அறுபது நாள் ஆனாலும் முழங்கால் உயரத்தில் குறுகி நிற்கும். நாள் கணக்குப்படி முற்றிய பயிர், உள்ளே இருக்கிற பொருளின் கணக்குப்படி இன்னும் பிஞ்சு. வளர்ச்சி நின்றுபோனதால் டுரின் நீர்த்துப்போகவும் இல்லை. யூரியா போட்டிருந்தால் இன்னும் கூடும், ஏனென்றால் டுரினில் தழைச்சத்தும் அடங்கியிருக்கிறது. அப்புறம் மழை பெய்யும். காய்ந்த கட்டையிலிருந்து பச்சைப் பசேல் என்று மறுதாம்புத் துளிர் வரும், அந்தத் துளிரில் ஆபத்து மிக அதிகம். பல வாரம் காய்ந்த முள்ளையும் சருகையும் கடித்துக்கொண்டிருந்த ஆடு அந்தப் பசுமையைக் கண்டால் விடுமா? வறட்சி முடிந்தது என்று நாம் மூச்சுவிடுகிற அந்த வாரத்தில்தான் ஆடு விழுகிறது.

எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இப்படி விழுந்திருக்கின்றன. மேய்ந்த இடத்திலேயே வயிறு உப்பிக் கிடக்கும். பாம்பு தீண்டியது என்பார்கள், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று பங்காளிகளுக்குள் சண்டை வரும், அதில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும். சோளத்தில் இருந்த நஞ்சு அது என்று சொல்ல ஆளும் இல்லை, காட்டச் சோதனையும் இல்லை. கீதாரிகளை நினைத்துப் பாருங்கள். தாலுகா தாலுகாவாகக் கிடை போட்டுக்கொண்டு போகிறவர்கள், எந்த வயலுக்கு யூரியா போட்டது, எந்தச் சோளம் எத்தனை நாள் காய்ந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு காலையில் பாதி மந்தை போனால் அந்தக் குடும்பத்துக்குக் காப்பீடு கிடையாது, வயல் கிடையாது, அந்த ஆடுதான் எல்லாம்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது, நைட்ரேட். செடி மண்ணிலிருந்து நைட்ரேட்டை எடுத்து இலையில் புரதமாக மாற்றவேண்டும். காய்ச்சலில் அந்த மாற்றும் வேலை மந்தமாகிவிடும், எடுத்தது தண்டின் அடிப்பகுதியில் தேங்கும். சோளம், கம்பு, மக்காச்சோளம், வரப்போரம் தானாக முளைக்கிற முள்ளுக்கீரை எல்லாவற்றிலும் இது சேரும். மழை பெய்து வேர் திடீரென்று நிறைய உறிஞ்சுகிற முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போகும். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும்.

இரண்டிலும் மூச்சு முட்டித்தான் சாவு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் சயனைடு என்றால் ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, நைட்ரேட் என்றால் கரும்பழுப்பு. மருந்தும் வேறு. சயனைடுக்குச் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசியில் போடுவார்கள், நைட்ரேட்டுக்கு மெத்திலீன் நீலம். நைட்ரேட்டில் துடிக்கிற மாட்டுக்குப் போய்ச் சோடியம் நைட்ரைட் போட்டால் எரிகிற தீயில் எண்ணெய்தான். ஆகவே எது என்று தெரிந்தாக வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்குள். கால்நடை அவசர உதவி எண் 1962க்குக் கூப்பிட்டு வண்டி வந்து சேரும்போது அதில் இந்த மூன்று மருந்தும் இருக்கிறதா என்று கால்நடை பராமரிப்புத் துறை தயவுசெய்து உறுதி செய்யுங்கள், குறிப்பாகப் புரட்டாசி முதல் கார்த்திகை வரை.

காய வைத்தால் சரியாகிவிடுமா என்று எங்கள் ஊரில் நிறையப் பேர் கேட்கிறார்கள். சயனைடைப் பொறுத்தவரை நன்றாகக் காய்ந்த தட்டையில் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். நைட்ரேட் காயப்போட்டாலும் போகாது, தட்டையில் அப்படியே இருக்கும், பதனத்தீவனமாகக் குழியில் போட்டு மூடினால்தான் ஓரளவு குறையும். இந்த வித்தியாசத்தை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. கூடவே ஒன்று, சோளத் தானியத்தில் இந்தப் பயம் கிடையாது, சோளச் சோறும் சோள தோசையும் தாராளமாகச் சாப்பிடலாம். முளைகட்டிய சோளத்தில் வருகிற குருத்தில் மட்டும் டுரின் உண்டு, முளைகட்டிய தானியம் நல்லது என்று இப்போது எல்லாவற்றையும் முளைகட்டுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இதற்குச் சோதனை ஏதோ சென்னையில் மட்டும் செய்யக்கூடியது என்று நினைக்கவேண்டாம். இலையைக் கசக்கி ஒரு சின்னக் குழாயில் போட்டு, சோடியம் பிக்ரேட் தோய்த்த மஞ்சள் தாளை மேலே தொங்கவிட்டு மூடி வைத்தால், சயனைடு வெளியேறும்போது தாள் செங்கல் நிறத்துக்கு மாறும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு ஆபத்து. நைட்ரேட்டுக்கு டைபீனைல் அமீன் கரைசலைத் தண்டின் வெட்டுப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். இரண்டுமே பள்ளி ஆய்வகத்தில் செய்கிற அளவு எளிய சோதனைகள். பிக்ரிக் அமிலம் உலர்ந்த நிலையில் வெடிக்கக்கூடியது, நைட்ரேட் சோதனையின் கரைசலில் கந்தக அமிலம் இருக்கிறது, ஆகவே விவசாயி கையில் கொடுக்கவேண்டாம். ஆய்வகத்தில் தயாரித்த தாளையும் கரைசலையும் ஒன்றியத்துக்கு ஒரு கால்நடை மருந்தகத்திலாவது வைத்து, பழகிய ஆளைக் கொண்டு செய்தால் போதும். மழைக்குப் பிறகு வயலுக்கு நாலு இலை என்று பறித்துக்கொண்டு வந்தால் அரை நாளில் பதில் தெரிந்துவிடும்.

சரி, இப்போது மிளகாய். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அந்தக் குறியீட்டின் மதிப்பே இந்த மண்ணிலும் இந்த வெயிலிலும் விளைந்தால் வருகிற காரமும் மணமும் தோல் கனமும்தான். அந்தக் காரம் கேப்சைசின். காய்க்குள் விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்புப் பகுதியில்தான் அது உருவாகிறது, விதையில் இல்லை. பீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு பாதி, கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு பாதி என்று சேர்த்துச் செடி அதைச் செய்கிறது. காய்ச்சலில் நிற்கிற செடி பீனால் வகைப் பொருட்களைக் கூடுதலாகச் செய்யும்போது அந்த வழியாகக் காரமும் கூடலாம். பல நாட்டு ஆய்வுகளில், காரம் குறைவாகவும் நடுத்தரமாகவும் உள்ள ரகங்களில் தண்ணீரைக் குறைத்தபோது கேப்சைசின் ஏறியிருக்கிறது. ஏற்கெனவே கடுங்காரமான ரகங்களில் பெரிய மாற்றம் வரவில்லை, சிலவற்றில் இறங்கியும் இருக்கிறது. காய்ச்சல் பூக்கிற நேரத்தில் வந்ததா, காய் திரளும்போது வந்ததா, எத்தனை நாள் நீடித்தது என்பதைப் பொறுத்தும் மாறும்.

எங்கள் முண்டு இதில் எந்தப் பக்கம்? கமுதி வத்தலும் தொண்டி வத்தலும் ஒன்றா? மழை நன்றாக இருந்த வருடத்து வத்தலுக்கும் காய்ந்த வருடத்து வத்தலுக்கும் காரத்தில் எத்தனை சதவீதம் வித்தியாசம்? இதற்கு விடை தெரியாமலே ஒவ்வொரு மாசியிலும் பங்குனியிலும் விற்றுக்கொண்டிருக்கிறோம். கமிஷன் கடையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. வியாபாரி ஒரு கை வத்தலை அள்ளுவார், குலுக்கிப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், ஒன்றை ஒடித்து மோந்து பார்ப்பார், விலை சொல்வார். காய்ந்த வருடத்தில் காய் சிறுத்திருக்கும், வெளுத்ததும் கூட இருக்கும், அதைச் சொல்லி விலையை இறக்குவார். அதே வத்தலை வாங்கிப்போய்க் காரச்சாறு எடுக்கிற ஓலியோரெசின் ஆலை கருவியில் வைத்துக் காரத்தை அளந்து, அந்த எண்ணுக்குத்தான் காசு கொடுக்கும். காரம் ஏறியிருந்தால் அந்த லாபம் இடையில் இருப்பவருக்குப் போகிறது, மூட்டை குறைந்த நஷ்டம் முழுதும் வயல்காரனுக்கு. எங்கள் வீட்டிலேயே ஒரு காய்ந்த வருடம் ஏறாத விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றைக்கு அந்த வத்தலின் காரம் இவ்வளவு என்று ஒரு துண்டுத்தாள் கையில் இருந்திருந்தால் பேசியிருக்கலாம். வாங்குகிறவருக்கு மட்டும் எண் தெரிந்து, விற்கிறவருக்குத் தெரியாமல் நடக்கிற வியாபாரத்தில் நியாயம் எங்கிருந்து வரும்?

காரத்தை அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி நமக்கு எட்டாத தூரத்திலும் இல்லை, நறுமணப் பொருள் வாரியத்தின் தர ஆய்வகம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. வேளாண் விற்பனைத் துறை அறுவடை நேரத்தில் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் சில மாதிரிகளை எடுத்து அங்கே அனுப்பி, காரமும் நிற மதிப்பும் பார்த்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துப் பலகையில் எழுதிப்போட்டால் போதும். ஒவ்வொரு மூட்டைக்கும் சோதனை கேட்கவில்லை. இந்த வருடம் முதுகுளத்தூர் வட்டார வத்தலின் காரம் இவ்வளவு, போன வருடம் இவ்வளவு என்று ஒரு வரி. சில வருடங்கள் இப்படி எழுதிவைத்து, பக்கத்திலேயே அந்த வருடத்து மழைக் கணக்கையும் எழுதினால், முண்டு மிளகாயும் வறட்சியும் எப்படிச் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று முதல் தடவையாக நமக்கே தெரியவரும். புவிசார் குறியீட்டை வெளிநாட்டில் காட்டி விற்கும்போதும் இந்த எண்களைத்தான் கேட்பார்கள்.

நிலக்கடலையில் விஷயம் வேறு மாதிரி, கண்ணுக்குத் தெரியாதது, அதனால்தான் எனக்கு அதிகக் கவலை. கடலைக்கு வறட்சி எப்போது வந்தாலும் மகசூல் குறையும், ஆனால் அறுவடைக்கு முந்தைய மூன்று முதல் ஆறு வாரத்தில் வந்தால் நஞ்சும் சேரும். கடலைப் பருப்பு பூஞ்சை தொட்டால் எதிர்க்க ரெஸ்வெரட்ரால் போன்ற பொருட்களைத் தானே தயாரிக்கும். அந்தத் தயாரிப்புக்குப் பருப்பில் ஈரம் வேண்டும். மண் காய்ந்து, சூடேறி, பருப்பின் ஈரம் இறங்கினால் அந்த எதிர்ப்புச் சக்தி நின்றுவிடும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சைக்கோ அந்த ஈரமே போதும். மண்ணுக்குள் இருக்கும்போதே ஏறி அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சேர்த்துவிடும். மண்டபம், திருப்புல்லாணி பக்கத்து மணல் நிலம் எவ்வளவு சீக்கிரம் காய்ந்து எவ்வளவு கொதிக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிந்ததே கடலைப் புண்ணாக்கால்தான். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன, தேடிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் முடிந்தது. இன்றைக்கும் புண்ணாக்குதான் வழி. பருப்பில் இருக்கும் நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயில் போகாமல் புண்ணாக்கில் தங்கும், அதைப் பசு தின்றால் ஒரு நாளுக்குள் பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் வரும். பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டுச் சட்டமே வைத்திருக்கிறது. அந்தப் பாலைத்தான் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம். நீண்ட நாள் உள்ளே போனால் கல்லீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும் பொருள் அது, காய்ச்சினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது.

வறட்சி அறிவித்த வருடத்தில் கடலை விளைந்த ஊர்களுக்கு இதைச் சொல்வதில் என்ன சிரமம்? சுருங்கியது, வெடித்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் தனியாகப் பிரித்துவிடு, அதில்தான் நஞ்சில் பெரும்பங்கு இருக்கும், அதை மாட்டுக்கும் போடாதே. பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயப்போடு. ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வராமல் மூட்டை கட்டாதே. உடைக்கச் சுலபமாக இருக்கும் என்று காய் மேல் தண்ணீர் தெளிக்காதே. இந்தத் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது, நல்ல கடலையும் அதில் கெட்டுப்போகும். செக்கு எண்ணெய் ஆட்டுகிறவர்களுக்கும் சொல்லவேண்டும், வடிகட்டாமல் அப்படியே விற்கிற எண்ணெயில் புண்ணாக்குத் தூள் வழியாகக் கொஞ்சம் நஞ்சு வந்துவிடும்.

நெல்லைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பால் பிடிக்கும்போது காய்ந்த நெல்லில் மாவுச்சத்து சரியாக நிரம்பாது, வயிறு வெளுத்திருக்கும், ஆலையில் நொறுங்கும், புரதத்தின் விகிதம் கொஞ்சம் கூடியிருக்கும். நொறுங்கினால் விலை போகும், அது உங்களுக்கும் தெரியும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கும் வறட்சிக்கும் ஏற்ற நெல் ரகங்களைத் தந்திருக்கிறது, ராமநாதபுரத்திலேயே கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. இப்படி இரண்டு நிலையங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும்போது, மகசூலோடு சேர்த்து உள்ளே இருக்கிற பொருட்களையும் அளந்து சொல்லும் வேலையை அவர்களிடம் கேட்கலாம், அவர்களுக்கு அது புதிதும் இல்லை.

நல்லதாக முடிகிற பயிர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வறட்சி என்றாலே நஷ்டம் என்று மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம். நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலையிலிருந்துதான் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் வருகின்றன, வேரில் ரத்த அழுத்தத்துக்கான அஜ்மாலிசின் இருக்கிறது. தண்ணீர் குறைத்து வளர்த்தபோது வேரில் அஜ்மாலிசின் கூடியதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெற்கத்தி மானாவாரி நிலங்களில் விளைந்து ஏற்றுமதியான பயிர்தான் இது. வேரை எடைக்கு வாங்குவதா, உள்ளே இருக்கும் மருந்துக்கு வாங்குவதா என்பதில் விவசாயியின் வருமானமே மாறிவிடும். இங்கேயும் அளந்தால்தான் பேசமுடியும்.

இதற்கெல்லாம் நிதி எங்கே என்று கேட்பீர்கள். புதுக் கட்டடம் எதையும் நான் கேட்கவில்லை. மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது, அங்கே வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சோளத் தண்டில் நைட்ரேட் பார்ப்பது அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. உழவன் செயலி இருக்கிறது, மழை எச்சரிக்கை அனுப்புகிற மாதிரி, நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு முதல் மழை பெய்த அன்றே அந்தந்த ஒன்றியத்துக்கு, துளிர்த்த சோளத்தில் இரண்டு வாரம் ஆடு மாடு விடவேண்டாம் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். கீதாரிகளுக்கு அது எட்டாது, அவர்களுக்குக் கிடை போடுகிற ஊரின் மைக் செட்டும், தடுப்பூசி போட வருகிற கால்நடை ஆய்வாளரும்தான் வழி. அறுவடைப் பரிசோதனைக்கு வெட்டுகிற அதே சதுரத்திலிருந்து ஒரு கைப்பிடியைப் பையில் போட்டு, ஊர், ரகம், தேதி எழுதி அனுப்பினால் மாதிரி எடுக்கத் தனியாக ஆளும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். எடுத்த முடிவை அலுவலகக் கோப்பில் பூட்டாமல் ஊராட்சிப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

நாலு துறையும் தனித்தனியாக இருப்பதும் ஒரு தடங்கல். சோளம் வேளாண்மைத் துறை, மிளகாய் தோட்டக்கலை, ஆடு கால்நடை பராமரிப்பு, வத்தல் விலை வேளாண் விற்பனை. செடிக்குள் நடப்பது ஒரே காய்ச்சலின் விளைவு, அதைச் சொல்லப்போனால் ஒவ்வொரு கதவிலும் அடுத்த கதவைக் கையால் காட்டுகிறார்கள், எனக்கே அப்படி நடந்திருக்கிறது. அதனால்தான் நாலு பேருக்கும் சேர்த்து, ஆட்சியர் அவர்களை முன்னால் வைத்து எழுதுகிறேன். நால்வரையும் ஒரு மேசையில் உட்காரவைக்க உங்களால்தான் முடியும்.

புரட்டாசி முடிவதற்குள் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, இந்தப் பருவத்துக்கு எதெல்லாம் செய்யமுடியும், எது முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். முதலில் சோளச் சோதனை, அது ஐப்பசி மழைக்கு முன்னால் தயாராக வேண்டும், மிளகாய்க்கு மாசி வரை நேரம் இருக்கிறது. மாதிரி எவ்வளவு வேண்டும், எந்த அலுவலகத்தில் யாரிடம் கொடுக்கவேண்டும் என்று மட்டும் தெரிவித்தால், கடலாடி பக்கத்து ஊர்களிலிருந்து தட்டையும் வத்தலும் கடலையும் நாங்களே கட்டிக்கொண்டு வந்து தருகிறோம்.